நல்ல ரகம் ஒண்ணு சொல்லுங்க

கரும்பு விவசாயிகள் கூடும் எந்தக் கூட்டத்திலும் ஒரு கேள்வி தப்பாமல் எழும். கரும்பு அலுவலர் பேசி முடித்திருப்பார். சொட்டுநீர் மானியம், உர அளவு, வெட்டு உத்தரவு எல்லாம் அலசியாகியிருக்கும். எழுந்திருக்கப் போகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சார், அதெல்லாம் சரி. நல்ல ரகமா ஒண்ணு சொல்லுங்க. எடையும் நிக்கணும், நோயும் வரக் கூடாது." உடனே கூட்டம் மறுபடி உட்கார்ந்துவிடும். நியாயமான கேள்விதான். வெட்டுக்கூலி, உர விலை, தண்ணீர் எல்லாவற்றோடும் மல்லுக்கட்டுகிற ஒருவர் தன் கையில் இருக்கிற ஒரே முடிவைப் பற்றிக் கேட்கிறார். ஆனால் அந்த வாக்கியத்தில் ஒரு சொல் நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "நல்ல" என்பதில் எனக்கு வழக்கு இல்லை. "ஒண்ணு" என்பதில்தான் இருக்கிறது. ரகத்தை உருவாக்குகிறவர்கள் பன்னிரண்டு, பதினான்கு வருடம் பாடுபட்டுக் கட்டிய நோய் எதிர்ப்பை அந்த "ஒண்ணு" பத்தே வருடத்தில் கரைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். இதைச் சும்மா சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். ஒரு ரகம் எப்படிப் பிறக்கிறது, எப்படி விழுகிறது என்று கூடவே நடந்து பார்த்தால்தான் புரியும்.

நடந்து பார்க்க கோ 0238ஐ விடப் பொருத்தமான ரகம் இல்லை. பெயரிலேயே அதன் பிறந்த வருடம் இருக்கிறது. முதல் இரண்டு இலக்கம் 2002, அடுத்தது அந்த வருடம் தேர்வானவற்றில் 38ஆவது. கோ 86032 என்றால் 1986, வரிசை எண் 32. "கோ" என்பது கோயம்புத்தூர். கோவை கரும்பு இனப்பெருக்கு நிலையத்தின் கர்னால் மண்டல மையத்தில் பக்‌ஷி ராம் தலைமையில் உருவான இந்த ரகம் 2009இல் வடமேற்கு மண்டலத்துக்கு வெளியானது. சோதனைத் திடல்களில் ஹெக்டேருக்குச் சுமார் 81 டன், சாற்றில் சுமார் 18 சதவீதம் சுக்ரோஸ். அதிக எடையும் அதிகச் சர்க்கரையும் ஒரே கரும்பில் சேர்வது எவ்வளவு அபூர்வம் என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். உத்தரப் பிரதேசத்தில் 9 சதவீதத்தை ஒட்டிக் கிடந்த சர்க்கரைக் கட்டுமானம், அதாவது அரைத்த கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரை, சில வருடங்களில் 11ஐத் தாண்டியது. மாநிலத்தின் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இந்த ஒரே ரகம் நின்றது. பக்‌ஷி ராமுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது; முற்றிலும் தகுதியான விருது. ஆனால் அந்த விருது வந்த நேரத்தில் அதே மாநிலத்தில் விவசாயிகள் அதே ரகத்தை, செவ்வழுகல் என்ற பூஞ்சை நோய் தாக்கியதால், தூரோடு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

பூவிலிருந்து எண் வரை

கரும்பை நாம் கரணையாகவே, நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டாகவே, பார்த்துப் பழகிவிட்டோம். அதற்குப் பூவும் விதையும் உண்டு என்பதே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. ஆலைக் கரும்பு பூத்தால் நமக்கு நஷ்டம். வளர்ச்சி நின்று, தண்டின் நடுவில் சாறற்ற நெட்டி விழும். ரகம் உருவாக்குகிறவருக்கோ பூதான் மூலதனம். பகல் குறையத் தொடங்கி, இரவு வெப்பம் அதிகம் இறங்காமல், ஈரப்பதமும் இருந்தால்தான் கரும்பு ஒழுங்காகப் பூக்கும். கோவையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அந்தப் பக்குவம் அமைகிறது. வடக்கே பூப்பது குறைவு, பூத்தாலும் குளிரில் மகரந்தம் செத்துப் போகும், விதை பிடிக்காது. அதனால்தான் பஞ்சாபுக்கும் பீகாருக்கும் வேண்டிய ரகத்துக்கும் ஒட்டு, அதாவது இரண்டு ரகங்களின் பூவைச் சேர்க்கும் கலப்பு, கோவையில் கட்டப்படுகிறது. அங்குள்ள தேசிய ஒட்டுப்பண்ணைக்கு வருடாவருடம் பல மாநில ஆராய்ச்சியாளர்கள் வந்து தங்களுக்கு வேண்டிய ஒட்டுகளைக் கட்டி, விதையை ஊருக்கு எடுத்துப் போகிறார்கள்.

பூங்கதிர் வெளியே வந்ததும் முதல் வேலை, அது ஆணா பெண்ணா என்று பார்ப்பது. கரும்புப் பூவில் இரண்டும் உண்டு. ஆனால் பல ரகங்களில் மகரந்தம் பொக்கு. விடிகாலையில் ஒரு பூவைக் கிள்ளி மகரந்தப் பையைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். ஊதா நிறத்தில் பருத்து வெடித்து நின்றால் ஆண். மஞ்சளாகச் சூம்பிக் கிடந்தால் அதைப் பெண்ணாக வைத்துக்கொள்ளலாம். உறுதிப்படுத்த மகரந்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தட்டி ஒரு சொட்டு அயோடின் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மாவுச்சத்து நிரம்பிய உயிருள்ள மகரந்தம் கருநீலமாகத் தெரியும். பொக்கு வெளிறியே கிடக்கும். உயிருள்ளது கால் பங்குக்கும் குறைவாக இருந்தால்தான் பெண்ணாக எடுப்பார்கள். இந்தக் கணக்கில் சோம்பினால் தன் மகரந்தத்தாலேயே கருவுற்ற விதை நிறைய கலந்துவிடும். அதிலிருந்து வருகிற நாற்றுகள் நோஞ்சானாக இருக்கும். ஒட்டு என்று எழுதி வைத்ததே பொய்யாகிவிடும்.

பெண் கதிரைச் சுற்றி மூங்கில் கம்பில் துணிக்கூண்டு கட்டுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் முழுக்கக் கார்த்திகை விளக்குக் கூண்டு தொங்கவிட்ட மாதிரி இருக்கும். தினமும் விடியற்காலையில் ஆண் கதிரை வெட்டி வந்து பெண் கதிருக்குச் சற்று மேலே இருக்கும்படி நிறுத்தி மெல்லத் தட்டுவார்கள். கரும்புப் பூ நுனியிலிருந்து அடி நோக்கி நாளுக்குக் கொஞ்சமாக விரியும் என்பதால் ஒரு வாரம் பத்து நாள் இந்த வேலை தொடரும். நான்கைந்து வாரத்தில் கதிர் நுனி பஞ்சாக உதிரத் தொடங்கும்போது பையில் கட்டி அறுத்து உலர்த்துவார்கள். எள்ளைவிடச் சிறிய விதை, பட்டு மயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் இதற்கே "பஞ்சு" என்றுதான் பேர். சாதாரண அறையில் வைத்தால் சில வாரங்களில் முளைப்பு போய்விடும். நன்றாக உலர்த்தி, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத பையில் மூடி உறைநிலைக்குக் கீழே வைத்தால் வருடக்கணக்கில் உயிரோடிருக்கும்.

மணல், மண், மக்கிய தொழு உரம் சம அளவு கலந்த தட்டில் பஞ்சைப் பரப்பி, லேசாக அமுக்கி, பூவாளியால் நனைத்து, பாலித்தீன் போட்டு மூடி வைத்தால் மூன்று முதல் ஐந்து நாளில் புல் மாதிரி முளைக்கும். இந்த இடத்தில்தான் நிறைய சாகும். ஈரம் ஒரு பிடி கூடினால் நாற்றழுகல். மூடியை ஒரு நாள் முன்னதாக எடுத்தால் கருகல். ஐந்தாறு வாரத்தில் பைக்கு மாற்றி, இரண்டு மூன்று மாதம் வளர்த்து, ஒவ்வொன்றாக வயலில் நட வேண்டும். ஒவ்வொன்றும் தனிப்பிறவி. கரும்பின் உடற்கூறில் நூற்றுக்கும் மேற்பட்ட குரோமோசோம்கள் இருக்கின்றன. அவை ஒவ்வொரு விதையிலும் வேறு வேறு விதமாகப் பிரிந்து சேரும். ஒரே தாய்க்கும் தந்தைக்கும் பிறந்த ஆயிரம் நாற்றும் ஆயிரம் விதமாக இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் தேட ஆரம்பிக்கும்போது எடையைப் பார்ப்பதில்லை. ஒற்றைத் தூரின் எடை ஏமாற்றும். பக்கத்து நாற்று செத்திருந்தால் இது கொழுத்து நிற்கும், அவ்வளவுதான். தண்டின் கனம், தூரில் எத்தனை தண்டு, நெட்டி உண்டா, காய்ந்த சோகை (தோகை) தானாக உரிகிறதா, பிரிக்ஸ் (சாற்றில் கரைந்துள்ள திடப்பொருளின் சதவீதம்) எவ்வளவு, இவற்றைத்தான் பார்ப்பார்கள். துளையூசியால் தண்டைக் குத்தி இரண்டு சொட்டுச் சாறு எடுத்துக் கைக்கருவியில் விட்டால் பிரிக்ஸ் தெரிந்துவிடும். ஆயிரக்கணக்கான தூருக்கு இது ஒரு நாள் வேலை, இரண்டு நாள் வேலை. இனிப்பு மரபில் அழுத்தமாக இறங்குகிற குணம் என்பதால் முதல் சல்லடையாக அது நம்பகமானது. தேறியவற்றைக் கரணையாக வெட்டி அடுத்த வருடம் ஒரு சிறு வரிசை. அதில் தேறியவை அதற்கடுத்த வருடம் சில வரிசை. பிறகு முறையான திடல், மறுதாம்பு (வெட்டிய தூரிலிருந்து மறுபடி தழைக்கும் பயிர்), பல ஊர்களில் ஒரே நேரத்தில் சோதனை. மண்டல அளவில் இரண்டு நடவுப் பயிரும் ஒரு மறுதாம்பும் தாண்ட வேண்டும். மறுதாம்பில் படுத்துவிடுகிற கரும்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை. விவசாயிக்கு லாபம் மிஞ்சுவதே அதில்தான்.

ஆய்வகத்தில் வேறொரு கணக்கும் ஓடும். சாற்றின் சுக்ரோஸ் சதவீதத்திலிருந்து, பிரிக்ஸுக்கும் சுக்ரோஸுக்கும் உள்ள வித்தியாசத்தில் 0.4 பங்கைக் கழித்து, வருவதை 0.73ஆல் பெருக்கினால் ஆலையில் எடுக்கக்கூடிய சர்க்கரை சதவீதம். பிரிக்ஸ் 20, சுக்ரோஸ் 18 என்றால் 12.56. இதே பிரிக்ஸில் சுக்ரோஸ் 17 என்றால் 11.53க்கு இறங்கிவிடும். வெறும் பிரிக்ஸை மட்டும் பார்த்து ரகத்தை மெச்சுகிறவர்கள் இந்த ஒரு சதவீதத்தில் இடறி விழுகிறார்கள். விவசாயிக்கு இதில் அக்கறை குறைவாக இருப்பதற்கும் காரணம் உண்டு. அவருடைய கரும்பின் கட்டுமானத்தைத் தனியாக யாரும் அளப்பதில்லை. ஆலையின் சராசரிக்கு விலை, வண்டியின் எடைக்குப் பணம். அவர் எடையைத் துரத்துவதில் தப்பே இல்லை.

இரண்டு சொட்டு

இத்தனை சல்லடைக்கும் நடுவே ஒரு சோதனைதான் ரகத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. ஏழு மாதக் கரும்பு. அடியிலிருந்து வெளியே தெரிகிற மூன்றாவது இடைக்கணுவின் நடுவில் துளைக்கருவியால் ஒரு ஓட்டை. எடுத்த சதைத் துண்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, செவ்வழுகல் பூஞ்சையின் வித்துகள் மில்லிலிட்டருக்குப் பத்து இலட்சம் வீதம் கலந்த நீரை இரண்டு சொட்டு விட்டு, துண்டைத் திரும்பச் செருகி, களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். ரகத்துக்கு இருபது தண்டு. அறுபது நாள் கழித்து வெட்டி, நெடுக்காக இரண்டாகப் பிளப்பார்கள்.

பிளக்கும்போது தெரிவதை எழுத்தில் கொண்டுவருவது கடினம். நல்ல எதிர்ப்புள்ள கரும்பில் ஓட்டையைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குச் செந்நிறக் கோடு, அதோடு சரி. கரும்பு தன் சதையையே கருக்கி வேலி போட்டுவிட்டது. வீழ்கிற கரும்பில் சிவப்பு கணுவைத் தாண்டி மேலே ஏறியிருக்கும். நடுநடுவே குறுக்காக வெள்ளைத் திட்டுகள். மூக்கருகே கொண்டுபோனால் புளித்த கள் வாடை. மதிப்பெண் ஒன்பது வரை. தோகை காய்ந்திருந்தால் 1. சிவப்பின் அகலத்துக்கு 3 வரை. வெள்ளைத் திட்டு பரவினால் 2. கணுவைத் தாண்டியதற்கு 3 வரை. சராசரி 2க்குள் என்றால் எதிர்ப்புத் திறன், 4க்குள் என்றால் நடுத்தர எதிர்ப்பு, அதற்கு மேல் படிப்படியாக இறக்கம். 8ஐத் தாண்டினால் அந்த ரகத்தை மறந்துவிட வேண்டியதுதான். பத்து வருடம் இனிப்பிலும் எடையிலும் முதலிடத்தில் வந்த கரும்பு இந்த மேசையில் ஒரு காலையில் கழிக்கப்படுவதுண்டு.

ஆனால் இந்தச் சோதனையில் யாரும் உரக்கச் சொல்லாத ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்த இரண்டு சொட்டில் இருப்பது இன்று நமக்குத் தெரிந்த பூஞ்சை. செவ்வழுகல் பூஞ்சைக்குப் பல வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். கோ 0238 வெளியானபோது வடமேற்கு மண்டலத்தில் நடமாடிய சிஎஃப் 08, சிஎஃப் 09 இரண்டையும் நடுத்தர அளவில் தாங்கியது. சோதனை சரியாகத்தான் நடந்தது, முடிவும் உண்மைதான். பிறகு ஐந்தில் நான்கு பங்கு நிலத்தில் ஒரே ரகம். அதன் ஒவ்வொரு தூரும் இன்னொன்றின் அச்சு. கோடிக்கணக்கான வித்துகளில் எங்கோ ஒன்று அந்த வேலியைத் தாண்டக் கற்றுக்கொண்டால் போதும். முன்பென்றால் அந்த வித்து பக்கத்து வயலுக்குப் போனதும் வேறொரு ரகத்தின் வேலியில் முட்டி நின்றிருக்கும். இப்போது மாவட்டம் மாவட்டமாக அதற்குத் திறந்த கதவு. 2017-18க்குப் பிறகு உத்தரப் பிரதேசத்தில் நோய் வெளிப்படையாகப் பரவியது. கோ 0238இலிருந்து பிரித்தெடுத்த அந்தப் புதிய வகைக்கு சிஎஃப் 13 என்று எண் கொடுத்தார்கள்.

நோய் எதிர்ப்பு என்பது ரகத்தின் உடம்பில் பாதி, அதை எவ்வளவு பரப்பில் நடுகிறோம் என்பதில் மீதிப் பாதி என்று நான் சொல்வது இதனால்தான். முதல் பாதியை ஆராய்ச்சி நிலையம் தரும். இரண்டாம் பாதி ஆலையிடமும் விவசாயியிடமும் இருக்கிறது.

இது முதல் முறையும் இல்லை. வெள்ளை என்ற கனத்த கரும்போடு கோவைப் பக்கத்துப் பேய்க்கரும்பைச் சேர்த்து, கோவை நிலையத்தின் பார்பரும் வெங்கட்ராமனும் 1918இல் கோ 205ஐக் கொடுத்தார்கள். இனிப்பு ஒரு பக்கம், காட்டுப்புல்லின் முரட்டு உயிர் ஒரு பக்கம். பட்டினத்தார் கையில் பேய்க்கரும்பு இனித்தது திருவொற்றியூரில் என்பார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் கையில் அது இனித்தது கோவையில். பின்னர் வந்த கோ 213 பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பரந்து நின்று, 1938-40இல் செவ்வழுகலில் சரிந்தது. நம் ஊரில் கோ.க 671, "க" என்பது கடலூர். சர்க்கரையில் இன்றும் அதற்கு ஈடு சொல்வது கடினம். ஆலைகள் போட்டி போட்டுப் பரப்பின. 1980களின் கடைசியிலும் 90களிலும் தமிழ்நாட்டில் அதுவும் செவ்வழுகலுக்கு இரையானது. அதிலிருந்து எடுத்த சிஎஃப் 06 வகையை வைத்துத்தான் இன்றும் தென்னக ரகங்களுக்கு அந்த இரண்டு சொட்டு விடுகிறார்கள்.

பரம்பரையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். கோ.க 671இன் பெற்றோர் கியூ 63, கோ 775. கோ 0238இன் பெற்றோர் கோ.எல்.கே 8102, கோ 775. இரண்டுக்கும் தகப்பன் ஒருவரே. நம் கோ 86032இன் பெற்றோரில் ஒன்று கோ.க 671. கோ 11015இன் பெற்றோரிலும் ஒன்று கோ.க 671. அதாவது இந்த இரண்டுக்கும் கோ 775 தாத்தா. தகப்பன் ஒருவர் என்பதால்தான் இரண்டும் வீழ்ந்தன என்று சொல்ல வரவில்லை. கோ 775 நல்ல சர்க்கரையைக் கொடுக்கிற அருமையான தகப்பன். ஆனால் நான்கும் நான்கு பெயரில் வந்து நின்றாலும் ஒரே குடும்பத்துச் சாயல் தெரிகிறது. பெயர்ப்பலகை வேறாக இருந்தால் மட்டும் பன்மை வந்துவிடாது. ரகம் மாற்றுகிறவர் பெற்றோரையும் ஒரு கண் பார்த்துக்கொள்வது நல்லது. காட்டுக்கரும்புகளையும் அதன் உறவுப் புற்களையும் கண்ணூரிலும் அகளியிலும் காத்து, புதிய இரத்தம் கொண்டுவரும் வேலைக்கு விளம்பரம் கிடையாது. எனக்கு அதுதான் இந்தத் துறையின் மிக முக்கியமான வேலையாகப் படுகிறது.

"ரகம் கெட்டுப்போச்சு"

தமிழ்நாட்டில் இப்போது அதிகம் கேட்கிற புகார் கோ 86032 பற்றியது. 2000இல் வெளியாகி, கால் நூற்றாண்டாக நம் ஆலைகளைத் தாங்கிப் பிடித்த ரகம். "முன்ன மாதிரி எடை வரல, ரகம் கெட்டுப்போச்சு" என்கிறார்கள். உத்தரப் பிரதேசத்திலும் இதே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் ஒரே நோவு இல்லை, மருந்தும் ஒன்றில்லை. இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

அங்கே பூஞ்சை மாறிவிட்டது. எவ்வளவு சுத்தமான விதைக்கரும்பு கொண்டுவந்தாலும் கோ 0238 அந்த சிஎஃப் 13 முன்னால் நிற்காது. வேறு ரகம்தான் வழி. கோ 0118, கோ 15023, கோ.எஸ் 13235 என்று இப்போது அங்கே பிரித்துக் கொடுக்கிறார்கள். இங்கே கோ 86032இன் தளர்ச்சியில் பெரும்பங்கு மஞ்சள் இலை வைரஸுடையது. வருடாவருடம் அதே வயலிலிருந்து கரணை எடுத்து, கரணையோடு வைரஸையும் சேர்த்தே நட்டு வந்திருக்கிறோம். ஆறேழு மாதத்துக்கு மேல் இலையைப் புரட்டி நடுநரம்பின் அடிப்புறம் பாருங்கள். மஞ்சளாக இருக்கும். மேல் இடைக்கணுக்கள் குறுகி, தோகை விசிறி மாதிரி ஒரே இடத்தில் கூடி நிற்கும். இந்த ரகத்தின் குணம் எங்கும் போய்விடவில்லை. குருத்தின் நுனியில் அரை மில்லிமீட்டர் அளவுக்குள் உள்ள வளர்முனையை எடுத்துத் திசு வளர்ப்பில் போட்டால், சாற்றுக் குழாய் இன்னும் எட்டாத அந்தப் பகுதியில் வைரஸ் பெரும்பாலும் இருக்காது. சோதித்து உறுதிசெய்த நாற்றை அதே வயலில் பழைய கரணைக்குப் பக்கத்தில் நான்கு வரிசை நட்டுப் பார்த்தால் வித்தியாசம் தூர் கட்டும்போதே தெரிந்துவிடும். நான்கு வரிசை நட்டுப் பார்க்காமல் புது ரகத்துக்குத் தாவுகிறவர், தன் பழக்கத்தையும் கூடவே கூட்டிக்கொண்டு போகிறார். ஐந்து வருடத்தில் புதியதும் "கெட்டுப்போகும்".

கரணை நேர்த்தியிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. 250 லிட்டர் தண்ணீரில் 125 கிராம் கார்பெண்டாசிம் கரைத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்தால் செவ்வழுகல் போய்விடும் என்று நினைப்பவர்கள் நிறைய. வெட்டுவாய் வழியே மண்ணிலிருந்து புகுவதைத்தான் அது தடுக்கும். தண்டுக்குள்ளே ஏற்கெனவே குடியிருக்கிற பூஞ்சையை எட்டாது. காற்றூட்டிய நீராவியில் 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைப்பது, கரும்பைப் புல் மாதிரி தூர்க்க வைக்கும் நோய்க்கு நன்றாக உதவும். அதையும் செவ்வழுகல் கண்ட வயலின் கரும்புக்குப் பரிகாரமாக எண்ணக் கூடாது. நோய் கண்ட வயலிலிருந்து விதை எடுக்காமல் இருப்பதற்கு ஈடான நேர்த்தி இதுவரை இல்லை.

வேகம் தருகிற ஆபத்து

முன்பெல்லாம் புது ரகம் மெல்லத்தான் பரவும். ஏழு மாத விதைப்பயிரில் ஏக்கருக்கு 40,000 தண்டு, தண்டுக்குப் பன்னிரண்டு பரு (கணுவில் முளைக்கும் கண்) என்று வையுங்கள், 4.8 இலட்சம் பரு. இருபருக் கரணை ஏக்கருக்கு 30,000 நட்டால் 60,000 பரு செலவு. ஒரு ஏக்கர் விதை எட்டு ஏக்கருக்கு வரும். இன்று ஒற்றைப் பருவைக் குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் வைத்து ஒரு மாத நாற்றாக, ஐந்தடிப் பார், இரண்டடி இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 5,000 நாற்று போதும். கால் பங்கு பருவைக் கழித்து, நாற்றில் சேதத்தையும் தள்ளினாலும் அதே ஒரு ஏக்கர் விதை 60 ஏக்கருக்குக் குறையாது. இரண்டு பருவத்தில் 64 ஏக்கர் ஆகிக்கொண்டிருந்தது இப்போது 3,600 ஏக்கர். அருமையான தொழில்நுட்பம், செலவும் மிச்சம், அதை விட வேண்டியதில்லை. ஆனால் ஒரே ரகம் ஒரு ஆலைப் பகுதியை மூடிவிட முன்பு பத்து வருடம் பிடித்தது. இப்போது மூன்று போதும். தாய்க்கரும்பில் ஒரு சதவீதம் நோய் இருந்தால் அதுவும் அதே வேகத்தில் ஊருக்கு ஊர் போகும். நாற்று வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் தாய் வயல் எங்கே என்று கேட்க வேண்டும். முடிந்தால் நேரில் போய், வயலில் நடந்து பார்த்துவிட்டு வர வேண்டும்.

ஆலைகளுக்கு ஒரே ரகம் வசதி என்பது எனக்குப் புரிகிறது. முதிர்ச்சி ஒரே மாதிரி, வெட்டுத் திட்டம் எளிது. ஆனால் அரவைப் பருவத்தின் தொடக்கத்துக்குக் குறுகிய வயது ரகம், நடுவில் ஒன்று, கடைசிக்கு வயலில் நின்றாலும் சர்க்கரை இறங்காத ஒன்று என்று பிரித்தால் அதே வெட்டுத் திட்டம் இன்னும் நன்றாக ஓடும். கட்டுமானமும் பருவம் முழுக்கச் சீராக நிற்கும். எந்த ரகமும் ஒரு ஆலைப் பகுதியில் பாதியைத் தாண்டக் கூடாது என்று ஒரு கோடு போட்டால் நான் கைதட்டி வரவேற்பேன். மூன்றில் ஒரு பங்கு என்றால் இன்னும் நல்லது.

பத்து ஏக்கர் வைத்திருப்பவருக்கும் இது ஆகாத காரியம் இல்லை. ஆறு ஏக்கரில் பழகிய ரகம், மூன்றில் வேறு பெற்றோரின் ரகம் ஒன்று, ஒரு ஏக்கரில் பரிசோதனையாகப் புதியது. புதியதை முதல் வருட எடையை வைத்து முடிவுகட்டாமல் மறுதாம்பு வரை பார்க்க வேண்டும். விதைக்கென்று அரை ஏக்கரைத் தனியாக, தண்ணீர் வேறு வயலிலிருந்து வடிந்து வராத மேட்டில் வைத்து, ஏழு மாதத்தில் வெட்ட வேண்டும். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒரு முறை வயலில் நடந்து, மேலிருந்து மூன்றாம் நான்காம் தோகை மட்டும் வெளிறிக் காய்கிற தூர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு தண்டை அங்கேயே பிளந்து பாருங்கள். சிவப்பும் குறுக்கே வெள்ளைத் திட்டும் இருந்தால் தூரை வேரோடு தோண்டி எரித்துவிட்டு, குழியில் கார்பெண்டாசிம் கரைசலை ஊற்றி, அந்தப் பாத்தியின் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் மண்ணணை போடுங்கள். அங்கங்கே பரவி நின்றால் மறுதாம்பு விடாதீர்கள். ஒரு போகம் நெல் வையுங்கள்.

கரணை வெட்டும் நாளில் ஒரு வேலையை மட்டும் கூலி ஆளிடம் விட்டுவிடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள். ஒவ்வொரு வெட்டுவாயும் வெள்ளையாக, ஈரமாக இருக்க வேண்டும். ஒரு துண்டில் சிவப்பு தெரிந்தால் அந்தத் துண்டை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை வைத்துக்கொள்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. முழுக் கரும்பையும் தள்ளுங்கள். கத்தியைக் கிருமிநாசினியில் முக்கி எடுத்த பிறகு அடுத்த கரும்பை வெட்டச் சொல்லுங்கள்.